துரத்தப்பட்ட நட்சத்திரங்கள்

குன்னூரில் ஒரு கல்லூரி அரங்கு. அந்தப் பெண்ணைப் பாராட்டிப் பேசிய நால்வரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தனியாக முளைத்து, தானாகவே வானியலாளர் ஆனவளாம். கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. என்னையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். சிறுவயதில் அவளுக்கு அறிவியல் பத்திரிகைகள் கொடுத்த எஸ்டேட் தலைமை எழுத்தர் நான். கொடுத்தது உண்மை. ஆனால் அது பாதிதான்.

பிறகு அவள் பேசினாள். சூரியனைவிடப் பல மடங்கு கனமான நட்சத்திரங்கள் கூட்டமாகத்தான் பிறக்கின்றன. சில மட்டும் வெட்டவெளியில் தனியே நிற்கின்றன. அவை வந்த பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு கூட்டத்தில் போய் முடிகிறது. நெரிசலில் மற்றவை அவற்றை வீசியெறிந்திருக்கும். அல்லது இணை நட்சத்திரம் வெடித்ததில் பிடி விட்டுப் பறந்திருக்கும்.

"அப்ப தனியாப் பொறந்ததே இல்லீங்களா?" என்றார் பாராட்டியவர்களில் ஒருவர்.

"ஒண்ணு ரெண்டு இருக்கலாமுங்க. மத்ததெல்லாம் தொரத்தி உட்டதுதானுங்க."

கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் ஓய்வு பெற்றால், அந்த வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குப் பேர் பதிய வேண்டும். இல்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவள் அம்மா ஓய்வு பெற்றபோது இவள் பன்னிரண்டாம் வகுப்பு.

"பரீட்சை முடியட்டுமுங்க ஐயா, ரெண்டே மாசம்" என்று அந்த அம்மா ஆபீஸ் வாசலில் நின்றார். தோட்ட மேலாளரான துரை முடிவை என்னிடமே விட்டிருந்தார்.

"வேலைக்குப் பொண்ணு பேரப் போடு, ஊடு இருக்கும்" என்றேன்.

பறிக்க ஆள் குறைந்திருந்தது. படித்தவன் நான், அவள் முதுகில் கூடையை மாட்டப் பார்த்தேன். அவர்கள் மறுத்தார்கள். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை நானே எழுதினேன். ஜனவரிப் பனியில் பாத்திரங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

கூட்டம் முடிந்ததும், முன்வரிசையில் இருந்த அந்த அம்மாவிடம் போனேன்.

"அந்த நோட்டீஸ் தொரை எழுதுனது இல்லீங்க. நான்தான்."

"தெரியாமயா இருக்கேன்? மாசாமாசம் சம்பளச் சீட்டுல உங்க கையெழுத்தப் பாத்தவ நானு."

"தப்புப் பண்ணிட்டேனுங்கம்மா."

"என்ர காதுல ஓதுனா ஆச்சுங்களா? அவ தானா மொளைச்சான்னு மைக்குல சொன்னப்ப, பக்கத்துல உக்காந்து தலைய தலைய ஆட்டுனீங்க. அதே மைக்குல போய்ச் சொல்லுங்க."

மைக் இன்னும் மேடையில்தான் இருந்தது. ஆட்களும் கலையவில்லை. நான் ஏறவில்லை. முழங்கால் வலி என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். வலி இல்லை, பயம். அவர் கேட்டது எழுத்தை அல்ல என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.