மூக்கு பளபளக்காத குதிரை

எங்கள் பூங்காவின் காவலாளிக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்; நாலாவது முறை என்னை இழுக்கச் சொல்வார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டுத்தான் உள்ள வந்தாரு" என்பார் அவர் மனைவி. முன்பு பூங்காவின் பித்தளைக் குழாய்கள் களவுபோயின. கள்ளன் பிடிபடும்வரை மூன்று வாரம் எல்லோரும் இவரைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்களாம். அதிலிருந்துதான் இப்படி.

பூங்கா நடுவே ஒரு வெண்கலக் குதிரை. கடல் நுரையில் பிறந்து வானுக்குப் பறந்த புராணக் குதிரை என்று பீடத்தில் எழுதியிருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தடவித் தடவி அதன் மூக்கு மட்டும் தங்கமாக மின்னும். இறக்கை ஆட்டம் கண்டதால் பட்டறைக்குப் போனது. பட்டறை காவலாளியின் தங்கை கணவருடையது. அவர் தனியாக எடுத்த முதல் அரசாங்க வேலை.

ஒரு மாதம் கழித்துக் கிரேனில் வந்து இறங்கியது. அலுவலக எழுத்தரான நான், 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளைக் காவலாளியிடம் நீட்டினேன். அவர் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"தம்பி, மூக்கைப் பாருங்க. பளபளப்பு எங்க போச்சு?"

"முழுசா புதுப் பூச்சு கொடுத்திருக்கோம் மச்சான்" என்றார் பட்டறைக்காரர்.

"பூச்சுக்குள்ள இருக்கறது வெண்கலந்தானா?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தவனுக்கு அத்தாட்சி போதும் அல்லவா? எடைச் சீட்டைக் காட்டினேன். "போனப்ப இருந்த எடைதான் அண்ணே."

"உள்ள மண்ணைக் கொட்டினா எடை வராதா?"

எங்கள் ஊரில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். வயிற்றுக்குள் மண் இருக்குமோ என்று அவர்கள்கூடக் கேட்டதில்லை.

பட்டறைக்காரர் முகம் வாடியது. "நீங்க கையெழுத்துப் போடலைன்னா இனிமே நான் இந்த ஆபீஸ் படி ஏற முடியாது. உங்க தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்லட்டும்? உங்கண்ணனே என்னைத் திருடன்னுட்டாருன்னா?"

"சொந்தம்னு கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா, நாளைக்கு ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவாங்க மாப்பிள்ளை."

சொல்லிக்கொண்டே குனிந்தார். நான் தடுப்பதற்குள் சாவியால் குதிரையின் அடிவயிற்றில் ஓர் இழுப்பு. ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சளாக மின்னியது அசல் வெண்கலம்.

அந்தக் குதிரைமேல் ஒரு கல் விழாமல் காத்தவர், முதல் கீறலைத் தாமே போட்டிருந்தார்.

"இப்ப திருப்திதானே? விடுங்க, ரெண்டு நிமிஷத்துல பூசிடறேன். சார், இதை எழுதிடாதீங்க."

காவலாளியின் கண்கள் சுருங்கின. "ஏன் எழுத வேண்டாங்கறீங்க?"

"அட, உங்களுக்காகத்தான் மச்சான்!"

"மறைச்சா, பின்னாடி அது உங்க வேலையில குறைன்னு ஆயிடும். எழுதுங்க தம்பி. வந்தப்ப நல்லா இருந்துச்சு, கீறினது காவலாளின்னு எழுதுங்க."

எழுதினேன். அவருக்கு மெமோ வரும் என்று மூவருக்கும் தெரியும். இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, என் கடைசி வரிக்கும் தம் கையெழுத்துக்கும் நடுவே யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி ஒரு கோடு இழுத்து, என்னை ஒரு பார்வை பார்த்தார்.