குலுக்கிப் பார்க்கும் அக்கா

மலேசியாவின் சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் மறுசுழற்சிப் பைகளை எடுக்க வரும் அக்கா, ஒவ்வொரு பையையும் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே கண்ணாடி உடைந்திருந்தால் சத்தம் வரும். நான் உடைந்த கண்ணாடிக் குவளையைப் பழைய பேப்பருக்குள் திணித்திருந்ததால் சத்தம் வரவில்லை. பையைத் தூக்கியபோது அவர் கை கிழிந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி சீருடையோடு வேலைக்கு வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க வீட்டுப் பைன்னு அன்னைக்கே தெரியும் லா, தம்பி. ஆபீஸ்ல சொல்லல. முன்னெல்லாம் சொந்தமா டின், பேப்பர் பொறுக்கினப்ப கை கிழிஞ்சா அன்னைக்குச் சாப்பாடு இல்ல. இப்ப பெர்மனன்ட் வேலை. டாக்டர் குடுத்த எம்சில லீவு எடுத்தேன், சம்பளமும் வந்துச்சு."

இப்போது எது உடைந்தாலும் தனியாகச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, அவர் கையிலேயே கொடுக்கிறேன்.

அதையும் ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறார்.