பி.டி. சாரின் ஸ்கூட்டர் எங்கே நின்றது

மூன்று முறை உதைத்தால்தான் எங்கள் பி.டி. சாரின் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும். ஆனதும் ஒரு நீலப் புகை... கருகின எண்ணெய் நாற்றம் கபடி கிரவுண்ட் வரைக்கும் வரும்.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்த நாற்றம் வந்தால் ஆடுகிற பையன்களும் நிறுத்திவிடுவார்கள், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கத்துகிற நாங்களும் வாயை மூடிவிடுவோம். கேட்டைத் தாண்டி ஸ்கூட்டர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். இடது பக்கம் என்றால் சார் வீட்டுக்குப் போகிறார். வலது பக்கம் என்றால் டவுனுக்கு.

அந்த வருஷம் தினமும் வலது பக்கம்தான் திரும்பியது.

பாகூர் பக்கத்துக் காலேஜ் எங்களுடையது. நான் ஏம்பலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். கபடி ஆடத் தெரியாது, ஆனால் ஒரு மேட்ச் விட்டதில்லை. காலேஜுகளுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் இருந்தது ரூரல் ஜோன். வில்லியனூர் காலேஜுதான் எதிரி. டவுன் காலேஜுகளுக்குத் தனி ஜோன். அவர்கள் ரப்பர் மேட் விரித்து, ஷூ போட்டு ஆடுகிறவர்கள். எங்களுக்கு மண்ணும் வெறுங்காலும்தான்.

ஜோன்களைப் பிரித்து மாற்றப் போகிறார்கள், நம்மை டவுனோடு சேர்க்கப் போகிறார்கள் என்று யார் முதலில் சொன்னது என்று இன்று வரை தெரியாது. ஆனால் டீக்கடையில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. சார் தினமும் டவுனுக்குப் போவது அந்தப் பேச்சுவார்த்தைக்குத்தான் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம்.

"காரைக்கால்காரனும் நம்மகூட வரானாம்டா."

"மாஹேவும் சேருதாம். ஏனாமும் சேருதாம்."

"ஏனாம்லேர்ந்து வந்து ஒரு மேட்ச் ஆடிட்டு எப்படா ஊரு போய்ச் சேருவான்?"

சிரிப்போம். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். டவுன் ஜோனில் போட்டால் முதல் ரவுண்டிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்களைவிட அதிகமாகப் பயந்தவன் சகாயம். எங்கள் டீமின் ரெய்டர், ஃபைனல் இயர். வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரன், ஆனால் சீட் கிடைத்தது எங்கள் காலேஜில். ஜோன் ஃபைனலுக்கு செலக்டர்கள் வருவார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் யுனிவர்சிட்டி டீம். அந்த சர்டிபிகேட்டை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போட வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அப்பா படுத்துவிட்டதில் வீட்டுக்கு அவன்தான்.

எனக்கோ நியூஸ் சொல்கிற பைத்தியம். ஒருநாள் பஸ் பிடித்து டவுனுக்கே போய்விட்டேன். ஒரு பெரிய காலேஜ், உள்ளே வேப்பமரம், அதன் கீழே எங்கள் பி.டி. சாரின் ஸ்கூட்டர். அதே வாரம் ஸ்போர்ட்ஸ் ரூமில் ஒரு பெட்டி நிறைய புது ஷூ வந்து இறங்கியது. இனி என்ன வேண்டும்...

வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து சகாயம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"டேய், மாமா கம்பெனில ஒரு வேல சொல்லியிருக்காரு. திங்கக்கிழம சேரணுமாம். ஜோன் மாறலன்னா மூணு வாரம் பொறுத்துக்கோங்கன்னு வூட்ல சொல்லிடுவன். மாறிடும்னா இங்க இருந்து இன்னா பண்றது? நீ சொல்டா, உறுதியா மாறுதா?"

"ஸ்கூட்டர நானே பாத்தன்டா. நூத்துக்கு நூறு மாறுது."

அவன் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

அடுத்த வியாழக்கிழமை நோட்டீஸ் போர்டில் மேட்ச் லிஸ்ட் ஒட்டினார்கள். ரூரல் ஜோன். அதே காலேஜுகள். மாஹேவும் இல்லை, ஏனாமும் இல்லை.

நேராக பி.டி. சாரிடம் போய்க் கேட்டேன்.

"டவுன் காலேஜா? என் ஒய்ஃப் அங்க லைப்ரரில சேந்திருக்காப்பா. தெனம் நான்தான் இட்டுக்கினு வரேன்."

"அந்த ஷூ சார்...?"

"அது வாலிபாலுக்கு. இன்னா விஷயம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மாசக்கணக்காக அத்தனை பேர் அந்த ஸ்கூட்டரைப் பார்த்தோம். ஒருத்தன்கூட சாரைக் கேட்கவில்லை.

ஃபைனலில் வில்லியனூரிடம் இரண்டு பாயிண்டில் தோற்றோம். செலக்டர்கள் வந்திருந்தார்கள். திங்கட்கிழமையே வேலையில் சேர்ந்துவிட்ட சகாயம், லீவு கிடைக்காமல், அந்த நேரம் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். அதன் பிறகு கல்யாணம், திருவிழா என்று எங்கெங்கோ பார்த்திருக்கிறோம், நன்றாகப் பேசுவான். இந்த விஷயத்தை மட்டும் அவனும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. எனக்குப் பயம்.

இப்போது என் பெண் அதே காலேஜில் கபடி ஆடுகிறாள். மறுபடியும் ஜோன் மாறுகிறதாம். அன்றைக்கு ஸ்கூட்டரைப் பார்க்க நான் பஸ் ஏறிப் போனேன். இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே வாட்ஸ்அப் குரூப்பில் எவன் எந்த காலேஜ் வாசலில் காரை நிறுத்தினான் என்று போட்டோ வருகிறது.

போன வாரம் பெண் கேட்டாள். "அப்பா, சென்னையில ஒரு கோர்ஸ் இருக்கு. ஜோன் மாறுதுன்னா அதுல சேந்துடட்டுமா?"

குரூப்பில் அத்தனை போட்டோவும் பார்த்தவன் நான். "மாறுது" என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு அவளுடைய பி.டி. மேடத்துக்கு போன் போட்டேன். "இன்னும் எதுவும் முடிவாகல சார்" என்றார். அதையே பெண்ணிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் அவளுக்கு மேட்ச். கூட்டத்தில் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் சகாயம். தலை பாதி நரைத்துவிட்டது.

"இன்னாடா, ஜோன் மாறுதாமே. உறுதியா?"

"தெர்லடா."

அவன் என் தோளில் கையைப் போட்டான்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்... என் பெண் ரெய்டுக்குப் போனாள். அவன் எழுந்து நின்று கைதட்டினான். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.