கிரிபாட்டி பற்றிய ஒன்பதாவது குறிப்பு

மார்ச் 14, செவ்வாய். ஹம்பேர்க் மருத்துவமனையில் காலை ஆறரைக்கு எழுந்து, மாத்திரை எடுத்து, முழங்காலுக்கான பயிற்சியைப் பத்து நிமிடம் செய்தபின் நாட்குறிப்பைத் திறந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கிரிபாட்டி நாட்டு மாலுமி ஒருவர் இருந்தார். கப்பலில் விழுந்து கால் உடைந்தவர். அவருடைய நாட்டைப் பற்றித் தேடி ஒன்பது குறிப்புகள் எழுதினேன். பசிபிக்கில் முப்பத்துமூன்று தீவுகள், தலைநகர் தெற்குத் தராவா, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி என்று அவை போயின. ஒன்பதாவது, கடலில் மூழ்கப்போகும் நாடு.

மாலையில் மனைவி வந்திருந்தபோது, அந்த நாடு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று மாலுமியிடமே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

மனைவி என் கையைக் கிள்ளினாள். "என்னப்பா, இருக்கிற நாட்டுக்குச் செத்தவீட்டுத் திகதி கேக்கிறியளே?"

அவர் கோபிக்கவில்லை. "அடுத்த மாதம் எங்கள் தீவுச் சபைக்குத் தேர்தல். அக்கா நிற்கிறா. போன முறை ஒரே வாக்கால் தோற்றா. நான் அப்போது கடலில் இருந்தேன். இந்த முறை ஊன்றுகோலோடாவது போய்ச் சேரவேண்டும்," என்றார்.

என்னிடம் இலங்கையைப் பற்றிக் கேட்பவர்கள் போரை மட்டுமே கேட்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அதையேதான் நானும் செய்திருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஒன்பதாவது குறிப்பைக் கோடிட்டு வெட்டினேன். அவர் கண் விழித்ததும் அக்காவின் பெயரைக் கேட்டு, அந்த இடத்தில் எழுதினேன்.