இழவு சொல்லாத வீடு

அகராதியில் இழவு என்றால் சாவு, கேடு, துக்கம் என்று போட்டிருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. அப்பா தறியில் உட்கார்ந்தால் அதுதான் பேச்சு. இழை அறுந்தால் "இன்னா எழவுடா இது". காபி ஆறிப்போனால் எழவு காபி. மழையில், தறியில் ஏற்றவேண்டிய பாவு நூல் காயாவிட்டால் எழவு மழை.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. பிறந்து பதினோரு நாளான என் தம்பி, ஜுரம் கண்டு விடியற்காலையில் இறந்துபோனான். எனக்குப் பதிமூன்று வயது. தறியில் ஒரு முகூர்த்தப் புடவை முக்கால்வாசி வந்திருந்தது. சாவு விழுந்த வீட்டில் நெய்ததைக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டமாட்டார்கள். தெரிந்தால் பட்டுக்கடைக்காரர் பாதியிலேயே அறுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த புடவைக்குப் பாவும் தரமாட்டார்.

தினமும் நூறு தடவை இழவு கூட்டிய மனிதர் அன்றைக்கு அந்தச் சொல்லையே மறந்துவிட்டார். அம்மா வாயைத் திறந்ததும் அவள் முந்தானையையே எடுத்து வாயில் அழுத்தினார்.

"சத்தம் போடாதமே. பொடவ தறியில இருக்குது. ரெண்டு நாள் பொறுத்துக்கோ. அப்புறம் எவ்ளோ வேணா அழு."

தெருக்கதவைச் சாத்தியது நான்தான். அப்பா பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார், குளித்தார், நெய்ய உட்கார்ந்தார்.

எங்கள் தெருவில் யாராவது செத்தால் பிணம் எடுக்கும்வரை எல்லாத் தறியும் நிற்கும். அன்றைக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. தெரியாமலா? எல்லோர் வீட்டிலும் கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் எட்டிப் பார்த்து, "கொழந்த தூங்குதாமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போனாள். உபகாரமாம்.

பால் கட்டி அம்மாவின் மார் கல்லாகியிருந்தது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கிய அரிசியையே மறுபடியும் பொறுக்கினாள்.

மூன்றாம் நாள் புடவையைப் பெரிய காஞ்சிபுரத்துக் கடையில் கொடுத்துவிட்டு அப்பா திரும்பினார். முகத்தில் இருந்த நிம்மதியை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று, பெரிய தயவு பண்ணுகிறவர் மாதிரி சொன்னார்.

"இப்ப அழுமா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"வர்லீங்க," என்றாள்.