நான் வெட்டிய எழுபது வருஷம்

என் கணவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். அடுத்து அவருக்குப் பரீட்சை வைப்பார்கள். "அண்ணே, ஸ்தோத்திரம் சொல்லுங்க பாப்போம். ஸ்... ஸ்தோ..." என்று வாயைக் கோணிக் காட்டுவார்கள். அவர் உதடு துடிக்கும். சத்தம் வரும், சொல் வராது. "முன்னைக்கு இப்பத் தெளிவு தெரியுதுல்ல?" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

தேனி பஜாரில் முப்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்திய மனிதர் அவர். ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் சேர்ந்தே போயின. கால் மட்டும் பயிற்சியில் ஓரளவு தேறியது. கடையை வேலையாட்கள் பார்த்துக்கொண்டார்கள், ராத்திரி சாவி மட்டும் வீட்டுக்கு வரும். நாம் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரியும். அதுதான் கொடுமை.

இந்தப் பரீட்சைக்கெல்லாம் காரணம் ஓர் அட்டை. எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் எந்த வசனம் இருக்கிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குத் தந்த வாக்கு என்பது வழக்கம். வீட்டில் படுத்திருந்த அவருக்காக நான் எடுத்தேன். சிறைப்பட்டுப் போனவர்களை மறுபடியும் சொந்த இடத்துக்குக் கொண்டுவருவேன் என்கிற வாக்கு வந்தது. பக்கத்தில் நின்ற சபை அக்கா ஒருவர் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "பாத்தியா, போனது திரும்ப வரும்னு எழுதியே குடுத்துட்டாரு. இந்த வருஷத்துக்குள்ள பேசிருவாக" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அன்று முதல், வாக்கு நிறைவேறிவிட்டதா என்று பார்க்க ஆள் மேல் ஆள் வந்தார்கள்.

அவர்களை மட்டும் திட்டினால் நியாயமாகாது. அந்த அட்டைகளுக்கு வசனம் பொறுக்கிக் கொடுக்கும் நான்கு பேரில் நானும் ஒருத்தி. ஒன்பது வருஷமாக அந்த வேலையைச் செய்கிறேன். வசனம் மூன்று வரிக்குள் அடங்க வேண்டும், பயமுறுத்தக் கூடாது, நல்ல நாளில் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் சட்டம். அவருக்கு வந்த வசனத்தை வெட்டியதும் நானேதான். அதன் தலையில் 'எழுபது வருஷம் முடிந்த பிறகு' என்று இருந்தது. புத்தாண்டும் அதுவுமாக யார் கையில் போய் எழுபது வருஷத்தைக் கொடுப்பது என்று பேனாவால் ஒரு கோடு போட்டேன். போட்டதை மறந்தும் போனேன்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அவர் சாப்பாட்டை நிறுத்தினார். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. "இப்படியே போனா மூக்கு வழியா டியூப் போட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உட்கார்ந்ததும் ஒருவர் "ஸ்தோ..." என்று ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எந்திரிங்க! அவுக என்ன கிளியா, பேசச் சொல்லி வேடிக்கை பாக்க?"

"விசுவாசம் வேணும்மா."

"விசுவாசம் எங்ககிட்ட இருக்கு. உங்களுக்குத்தான் பொறுமை இல்ல. கெளம்புங்க."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

நானும்தான். தினமும் பல் விளக்கிவிடும்போது, "என்னைய ஒரு தடவை கூப்பிடுங்க, ஒரே ஒரு தடவை" என்று நானும் கெஞ்சிக்கொண்டுதானே இருந்தேன். வெளியே அனுப்ப வேண்டியவர்களில் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது. வெட்கத்தில் கூசிப் போனேன்.

அந்த வெட்கத்தோடு, கடவுளிடமும் சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் வேதாகமத்தை எடுத்தேன். அட்டையில் வந்த வசனம் இருக்கும் பகுதியை முழுதாக, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. இதோ ஊர் திரும்பிவிடலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்கிறார். இருக்கிற இடத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறார். அதற்கப்புறம்தான் எழுபது வருஷம் வருகிறது, திரும்பக் கொண்டுவருவேன் என்பதும் வருகிறது.

ஒன்பது வருஷமாக நாங்கள் வெட்டி எறிந்த பக்கத்தில் அல்லவா சோறு இருந்திருக்கிறது! திரும்பக் கொண்டுவருவது கடவுள் பாடு. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்படி அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "பேச்சு வரட்டும், அப்புறம் கடைக்குப் போகலாம்" என்று எட்டு மாதம் அவரைக் கட்டிலில் வைத்திருந்தேன். நோய் வந்த பிறகு அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் இடது கையை நீட்டி, கடைச் சாவி தொங்கிய ஆணியைக் காட்டினார்.

பின்னால் நவம்பரில் வசனம் பொறுக்க உட்கார்ந்தபோது, எழுபது வருஷத்தையும் சேர்த்து அச்சடிக்க வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். "அந்த அட்டை கெடச்சவுக மறு வாரம் கோயிலுக்கே வர மாட்டாகக்கா" என்றார் ஒருவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். தோற்றுவிட்டேன். அடுத்த நவம்பரிலும் விட மாட்டேன்.

சாவியைக் காட்டிய மறுநாளே அவரை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் வந்தது கோம்பையிலிருந்து வரும் எங்கள் வாடிக்கைக்காரி. ஒரு சேலையை விரித்துப் போட்டு, ஒரு தடவைகூடக் கட்டவில்லை, மாற்றித் தர வேண்டும் என்றார். என் கணவர் இடது கையால் துணியைத் தடவினார். முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாடை. முடியாது என்று தலையை ஆட்டினார். அந்த அம்மா கெஞ்சினார், சத்தியம் செய்தார். இவர் தலையாட்டலை நிறுத்தவில்லை. நான் குறுக்கே போய் மாற்றிக் கொடுத்துவிடப் பார்த்தேன். என்னை ஒரு முறை முறைத்தார்.

"வாய்தான் போச்சு, இந்த ஆளுக்கு அழும்பு போகல!" என்று அந்த அம்மா சேலையைச் சுருட்டிக்கொண்டு கத்தினார். "இனி இந்தக் கடைப் படி மிதிச்சா ஏன்னு கேளு!"

எட்டு மாதமாக எல்லோரும் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். முதன்முதலாக ஒருத்தி அவரிடம் கோபப்பட்டாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்து வைத்தேன். இடது கையால் தடுமாறிச் சாப்பிட்டு முடித்து, தட்டை மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.