உள்ளே உடைந்து நின்ற நாலாவது போல்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டாவைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் போனேன். அங்கே என் வீட்டுக்காரர் தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்கு அடிப்பக்க வேலை செய்துகொண்டிருந்தார். போனபோது வண்டிக்கு அடியிலிருந்து அவருடைய இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவை அசையாமல் கிடந்ததைப் பார்த்ததுமே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

"ஒடஞ்சிடுச்சிமே," என்றார் உள்ளேயிருந்து.

வண்டி பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் ஒரு பாயுடையது. ஜீப் மாதிரி உயரமான கார். அவருடைய தகப்பனார் வாங்கியது. கடற்காற்றிலேயே நின்று நின்று அடிப்பக்கமெல்லாம் உப்பு அரித்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்குகிற பிராக்கெட் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தது. புதியது வாங்கி வைத்தாயிற்று. பழையதைப் பிடித்திருந்த நாலு போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். சனிக்கிழமை முழுக்க எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி மூன்றைக் கழற்றியிருந்தார். நாலாவதன் தலை ஸ்பானரோடு கையில் வந்துவிட்டது. மிச்சம் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குள், விரல் நகத்தளவு ஆழத்தில் நின்றுவிட்டது. அதைப் பிடித்திருக்கும் நட்டு, மூடிய சேஸிஸுக்குள் பற்றவைத்த நட்டு. பின்பக்கமாகக் கைவிட்டுத் தள்ள வழியில்லை.

கொட்டகை வாசலில் பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அவருடைய வாப்பாவும் உம்மாவும் ஹஜ் முடித்து மீனம்பாக்கத்தில் இறங்குகிறார்கள்.

"வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக்கினு போய்டலாம்மா," என்றார் என்னிடம். "ஆனா வாப்பா வெளிய வந்தவொடனே இந்த வண்டியத்தான் தேடுவாரு."

அவர் கோபித்துப் பேசியிருந்தால்கூடச் சமாளித்திருப்போம். அப்படித் தணிவாகச் சொன்னதுதான் எங்கள் இருவரையும் பிடுங்கியது.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து, போல்ட்டில் துளை போட்டு ஈஸி அவுட் அடிக்கலாம் என்றார். அது துளைக்குள் இறக்கி எதிர்ப்பக்கம் திருப்புகிற கூம்பு மாதிரியான கம்பி. கடினமான இரும்பு, ஆனால் சட்டென்று முறியும்.

"அது உள்ள ஒடஞ்சா அப்பால ட்ரில்லுகூட ஏறாது," என்றேன். "நட்டு வெச்சிப் பத்தவெச்சிப் பாக்கலாமா?"

"மல்லாக்கப் படுத்துக்கினு, அந்தப் பொந்துக்குள்ள யாரு பத்தவெக்கறது?"

"நான்."

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வெல்டர். ஆனால் அங்கே எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் மேஜைமேல் வைத்த சட்டங்களில் நேர்கோட்டு வெல்டிங்தான். தலைக்குமேல் பார்த்துச் செய்கிற வேலையை ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் செய்வதை நான் ஒரு வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்துவந்தேன்.

அவர் போய்ப் பேட்டரி வயரைக் கழற்றினார். பெட்ரோல் டேங்க் பக்கம் ஈரச் சாக்கு போட்டு மூடினார். சுடிதாருக்கு மேலே அவருடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அட்டையை விரித்து அடியில் நுழைந்தேன்.

போல்ட் இருந்த துளை என் முகத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. மெல்லிய வெல்டிங் ராடை வைத்து, ஒரு பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு எடுத்தேன். துளையின் சுவரில் பட்டால் போல்ட்டும் சேஸிஸும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், அத்தோடு கதை முடிந்தது. பொட்டுமேல் பொட்டாக வைத்து அதை வெளியே கொண்டுவந்து, ஒரு நட்டை அதன்மேல் வைத்து நடுவில் பற்றவைத்தேன். அவர் ஸ்பானர் போட்டார். நட்டு அப்பளம் மாதிரிப் பிய்ந்து வந்தது.

மறுபடி வைத்தேன். இந்த முறை ஸ்பானர் கால் சுற்று போனது. "வருதுமே, வருது," என்றார். வந்தது போல்ட் இல்லை, வெல்டிங்தான் முறுக்கிக்கொண்டு அறுந்தது. அதே நேரத்தில் மின்விசிறியும் நின்றது. மின்வெட்டு மாறாமல் வந்துகொண்டிருந்த காலம் அது. இனி இரண்டு மணி நேரத்துக்கு மெஷின் ஓடாது.

மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். பாய் தூக்கு மூடியில் வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. அறுந்த நட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடுவில் வெல்டிங் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. நல்ல இரும்பில் அப்படி வராது.

"மாமா, நேத்து எவ்ளோ எண்ணெய் ஊத்தின?"

"அரை டப்பா இருக்கும். ஏன்?"

"அதான் வேகுது உள்ள. எண்ணெய்மேல பத்தவெச்சா எப்டி நிக்கும்?"

அவர் இட்லியை வைத்துவிட்டுப் பழைய துணிகளைப் பொறுக்கினார். நான் உடனே அடியில் போய்விட்டேன். கம்பியில் துணியைச் சுற்றி, துளைக்குள் விட்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன். கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. பதினைந்து துணியாவது மாற்றியிருப்பேன். கடைசித் துணி காய்ந்து வந்தபோதும் மின்சாரம் வரவில்லை. பாய் வாசலுக்கும் மின்விசிறிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

விசிறி சுற்றியதும் மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

இந்த முறை ராடு தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. சத்தம் சீராக, எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி வந்தது. பொறி ஒன்று காலருக்குள் விழுந்து கழுத்தைச் சுட்டது. கையை அசைத்தால் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நட்டின் நடுப்பகுதியை நிரப்பி, வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டையே இல்லை. வெல்டிங் வழவழவென்று சிவந்திருந்தது.

அவர் ஸ்பானரைப் போடப் போனார்.

"இரு. செவப்பு அடங்கட்டும்."

அடங்கியதும், சாமி மாடத்திலிருந்து எடுத்துவந்த மெழுகுவத்தியை நட்டின் ஓரத்தில் தேய்த்தேன். மெழுகு உருகி, சூட்டோடு போல்ட்டின் திருகு மரைக்குள் இழுத்துக்கொண்டு போனது. அது அவருடைய யோசனை.

"இப்ப மொதல்ல இறுக்கு," என்றேன்.

"கழட்டணும்மே."

"துளி இறுக்கு. துரு ஒடையட்டும். அப்பால கழட்டு."

இறுக்கினார். ஒன்றுமில்லை. திருப்பினார். சேஸிஸுக்குள்ளிருந்து 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் என் விலா எலும்பில் கேட்டேன். அவர் கை நின்றுவிட்டது.

"அறுந்துச்சா?" என்றேன்.

"இல்லமே. சுத்துது."

கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் கழற்றி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கழற்றி, அவர் பொறுமையாக அதைக் கொண்டுவந்தார். கடைசி இரண்டு சுற்றுக்கு ஸ்பானரை எடுத்துவிட்டு, துணி சுற்றிய விரலாலேயே திருப்பினார். துருப்பொடியும் மெழுகுமாக அந்த அரைவிரல் நீள இரும்பு என் வயிற்றின்மேல் விழுந்தது. சுட்டது. எடுத்து எறியத் தோன்றவில்லை. இரண்டு பேரும் வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்து, பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

"இன்னாங்க ஆச்சி?" என்று பாய் குனிந்து எட்டிப் பார்த்தார். நான் அதைத் தூக்கிக் காட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மரையைச் சுத்தம் செய்து, புது பிராக்கெட்டை ஏற்றி, நாலு புதுப் போல்ட்டுகளையும் முடுக்கியபோது மணி நாலு. ஓட்டிப் பார்க்க என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பாய் முன்பக்கம், நான் பின்பக்கம். நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கம் வரை போனோம். குழியைக் கண்டால் விலகிப்போகிறவர், அன்றைக்குத் தேடித்தேடி இறக்கினார். முன்னால் ஒரு சத்தமும் இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அந்த வண்டி மீனம்பாக்கம் போய்வந்தது. திரும்புகிற வழியில் கொட்டகை முன்னால் நின்றதாம். நான் கம்பெனியில் இருந்தேன். பெரியவர் தாமே இறங்கி வந்து, எனக்கென்று பேரீச்சம்பழமும் சின்ன பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போனார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு வேன் வந்தது, அதே வியாதியோடு. நான் துள்ளிக்கொண்டு அடியில் போனேன். அவசரத்தில் போல்ட்டைத் துளையின் சுவரோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டேன். அதைத் துளைபோட்டு எடுக்க அவருக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் தினமும் ஷிப்ட் முடிந்ததும் நேரே கொட்டகைக்கு ஓடி, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.